வீல் ஸ்பேசர்: பெங்களூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், பானஸ்வாடி, எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே இருந்தாலும், கார் பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் புது அலாய் ரிம் மாட்டிக்கொண்டு வந்த நம்மவர்கள் அடுத்த வாரமே போன் போட்டுக் கேட்பது ஸ்பேசரைப் பற்றித்தான். கேள்விகளும் அநேகமாக அதே கேள்விகள். எழுதிவைத்துவிட்டால் அனுப்பிவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன்.

"ஸ்பேசர்னா என்ன சார்? எல்லாரும் போடறாங்களே?"

அச்சு முனையில் சக்கரம் உட்காரும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கிற அலுமினியத் தட்டு. 10 மி.மீ. தட்டு வைத்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். அதன் வேலை அவ்வளவுதான். வண்டியை உயர்த்தாது, தாழ்த்தாது.

இரண்டு வகை உண்டு. ஒன்று, வெறும் ஓட்டை போட்ட தட்டு. வண்டியின் சொந்த ஸ்டட்டே (ஹப்பிலிருந்து நீட்டும், நட் ஏறும் மரைக்கம்பி) அதன் வழியாக நீண்டு ரிம்மைப் பிடிக்கும். இதை ஸ்லிப்-ஆன் என்பார்கள், 3 மி.மீ.யிலிருந்து 15 மி.மீ. வரை கிடைக்கும். இன்னொன்று போல்ட்-ஆன். தட்டை முதலில் ஹப்பில் நட் போட்டு இறுக்கிவிட்டு, தட்டிலேயே இருக்கும் தனி ஸ்டட்டில் ரிம்மை மாட்டுவது. இது பெரும்பாலும் 20 மி.மீ.யும் அதற்கு மேலும்.

"அலாய் மாத்தினா ஸ்பேசர் கண்டிப்பா போடணுமா?"

வேண்டாம். வண்டிக்குச் சரியான ரிம் வாங்கியிருந்தால் ஸ்பேசருக்கு வேலையே இல்லை. ரிம்மின் உள்விளிம்போ டயரோ சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் இடித்தால், அல்லது ஸ்போக்கின் பின்பக்கம் பிரேக் காலிப்பரில் தட்டினால், அப்போது அதற்கு வேலை வருகிறது. சக்கரம் உள்ளே ஒடுங்கித் தெரிகிறது, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காகப் போடுகிறவர்கள்தான் அதிகம். அதுவும் காரணம்தான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் இன்னும் ரிம் வாங்கவில்லை என்றால், ஸ்பேசர் வாங்கும் காசையும் சேர்த்துப் போட்டுச் சரியான அளவு ரிம்மையே தேடுங்கள். கடைக்காரர் ரிம்மையும் ஸ்பேசரையும் ஒரே பில்லில் சேர்த்துத் தருகிறார் என்றால், அந்த ரிம் உங்கள் வண்டிக்கானது இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

"ஆஃப்செட், இ.டி. 40, இ.டி. 45னு என்னமோ சொல்றாங்க. தலையும் புரியல வாலும் புரியல."

ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுதான் இ.டி. எண். எண் கூடக் கூடச் சக்கரம் உள்ளே போகும். குறையக் குறைய வெளியே வரும். ஸ்பேசர் வைத்தால் அதன் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்: இ.டி. 45 ரிம்மில் 10 மி.மீ. தட்டு வைத்தால் அது இ.டி. 35 ரிம் போல நிற்கும்.

பலரும் மறப்பது அகலத்தை. பழைய ரிம் 5.5ஜே (அதாவது 5.5 இன்ச் அகலம்), இ.டி. 45 என்றும், புதியது 7ஜே, இ.டி. 40 என்றும் வைத்துக்கொள்வோம். அகலம் 1.5 இன்ச் கூடியிருக்கிறது. பாதிக்குப் பாதி பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ. வெளிப்பக்கம் 19, அதோடு இ.டி. குறைந்ததால் 5, ஆக 24 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் 19-இல் 5 போக 14 மி.மீ. ஸ்ட்ரட்டை நெருங்கிவிட்டது. இப்போது யோசியுங்கள்: ஏற்கெனவே 24 மி.மீ. வெளியே வந்த சக்கரத்துக்கு இன்னும் 15 மி.மீ. ஸ்பேசர் தேவையா? இந்தக் கணக்கைத் தாளில் போட்ட பிறகு பாதிப் பேர் ஸ்பேசர் ஆசையை விட்டுவிடுகிறார்கள்.

"சரி, என் வண்டிக்கு எத்தனை மி.மீ. போடணும்? அதை மட்டும் சொல்லுங்க அண்ணா."

போனில் சொல்ல முடியாது, தம்பி. வண்டியில் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டின் உச்சியிலிருந்து ஒரு நூல்குண்டு தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் வெளியே தள்ளக் கிடைக்கும் அதிகபட்ச இடம். அதில் 5 மி.மீ.யாவது மிச்சம் வையுங்கள். நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக அளக்கவும். வலது இடது இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நின்ற வண்டியில் அளந்தது பாதிதான். தீபாவளிக்குச் சேலத்துக்கோ திருச்சிக்கோ கிளம்பும்போது பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை. அப்போது பின்பக்கம் இறங்கும், டயர் மட்கார்டின் உள் மடிப்பைத் தொடும். அதே பாரத்தை ஏற்றிப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு இன்னொரு சோதனை: அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஏறுங்கள். சஸ்பென்ஷன் அமுங்கியும் சக்கரம் திரும்பியும் இருக்கிற அந்த நிலையில்தான் உள் லைனரில் உராயும். சந்தேகமான இடத்தில் குழந்தைகளின் களிமண்ணை அப்பிவிட்டு ஓட்டினால், நசுங்கியதை வைத்து எத்தனை மி.மீ. மிச்சம் என்று தெரிந்துவிடும்.

உள்பக்கம் இடிப்பதற்காகப் போடுகிறீர்கள் என்றால் இடிப்பதைத் தவிர்க்கும் அளவு போதும். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் 5 மி.மீ. இருந்தாலே பெரும்பாலும் பிழைக்கும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 15 வாங்காதீர்கள்.

"வெறும் 5 மி.மீ. தானே, அதுல என்ன ஆயிடப் போகுது?"

எனக்கு அதிகம் பயம் தருவது இந்த 5 மி.மீ.தான். பெரிய ஸ்பேசரை எல்லாரும் பயந்து பார்த்துப் போடுகிறார்கள். சின்னதை நுழைத்துவிட்டுப் பழைய நட்டையே இறுக்கிவிடுகிறார்கள். ஸ்டட்டில் 5 மி.மீ.யைத் தட்டு தின்றுவிட்டது. நட் பிடிக்க மிச்சம் எவ்வளவு? ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. எம்12×1.5 (12 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1.5 மி.மீ. மரை) என்றால் எட்டுச் சுற்று, மாருதியின் எம்12×1.25 என்றால் பத்துச் சுற்று, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் எம்14×1.5 என்றால் ஒன்பது பத்துச் சுற்று. நட்டைக் கையால் திருகி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றாமல் அந்தத் தட்டைப் போடவே கூடாது.

இன்னொரு சிக்கல், ஹப்பின் நடுவில் இருக்கும் உதடு. ரிம் அதில்தான் உட்கார்ந்து நடுவுக்கு வரும். மெல்லிய தட்டு அந்த உதட்டின் உயரத்தைச் சாப்பிட்டுவிடும். தட்டிலேயே புது உதடு கடைய 5 மி.மீ.யில் இடம் கிடையாது; வண்டியின் உதடே அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் உதட்டோடு வரும் ஸ்பேசர்கள் பெரும்பாலும் 10, 12 மி.மீ.யிலிருந்து ஆரம்பிக்கின்றன. தோற்றத்துக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் 5-ஐ விட, இடம் இருந்தால், உதடுள்ள 12-ஐ நான் தேர்ந்தெடுப்பேன்.

"ஹப் சென்ட்ரிக்னா என்ன? கடையில 'எல்லாம் ஒண்ணுதான் சார், நட் புடிச்சுக்கும்'ங்கறார்."

நட் இறுக்கிப் பிடிக்கும், உண்மை. ஆனால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது ஹப்பின் உதடு. ஆஃப்டர்மார்க்கெட் ரிம் (வண்டிக் கம்பெனி தராத, வெளிக்கடை ரிம்) பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையை 73.1 மி.மீ. போலப் பெரிதாகவே விடுகிறார்கள். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ஹப் ரிங். ஸ்பேசரின் உள்துளை வண்டியின் ஹப்புக்கும், வெளி உதடு ரிம்மின் துளைக்கும் அளவாக இருக்க வேண்டும். இரண்டு அளவையும் சொல்லி வாங்கினால் ரிங்கே தேவைப்படாது. கடைக்காரரிடம் ஸ்பேசர் கேட்கும்போது கனத்தை மட்டும் சொல்லாமல் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள். அவர் முழித்தால் வேறு கடை பாருங்கள், ஜே.சி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

"நம்ம வண்டிகளுக்கு அளவு என்னென்னன்னு ஒரு லிஸ்ட் குடுங்களேன்."

அதிகம் கேட்கப்படுபவை மட்டும். பி.சி.டி. என்பது ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், மி.மீ.யில். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 மூன்றும் பி.சி.டி. 4×100, ஹப் 54.1. ஆனால் மாருதியின் மரை 1.25, ஹூண்டாயின் மரை 1.5, நட்டை மாற்றிப் போட்டால் மரை நாசம். ஹோண்டா சிட்டி 4×100, ஹப் 56.1. போலோவும் ரேபிடும் 5×100, ஆக்டேவியா 5×112, எல்லாவற்றுக்கும் ஹப் 57.1, இவற்றில் ஸ்டட்டுக்குப் பதில் போல்ட். க்ரெட்டா 5×114.3, ஹப் 67.1. இன்னோவா கிரிஸ்டா 5×114.3, ஹப் 60.1. ஃபார்ச்சூனர் 6×139.7, ஹப் 106.1. ஜிம்னி 5×139.7, ஹப் 108.

இதை நம்பிக் காசு கட்ட வேண்டாம். ஒரு சக்கரத்தைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்த பிறகு வாங்குங்கள்.

"ஒரிஜினல் நட்டே போதும்தானே?"

நீளத்தை மேலே பார்த்தாயிற்று. அடுத்தது நட் உட்காரும் இடத்தின் வடிவம். ஆஃப்டர்மார்க்கெட் ரிம்மில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் ஒரிஜினலில் உருண்டை இருக்கை. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். இறுக்கியது போல இருக்கும், பிறகு தளரும். போல்ட்-ஆன் வகையில் தட்டின் குழி ஒரு வடிவம், ரிம்மின் குழி இன்னொரு வடிவம் என்று வரலாம். இரண்டையும் பார்க்கவும். போல்ட் உள்ள வண்டிகளில் கணக்கு நேர்: 15 மி.மீ. தட்டு என்றால் 15 மி.மீ. கூடுதல் நீளம். அதற்கும் மேல் நீளமாகப் போட்டால் பின்னால் எதிலாவது போய் இடிக்கும்.

"டயர் கடைக்காரர் ரெண்டு ரெண்டு வாஷர் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்துட்டார். ஓடுது, பிரச்சினை இல்ல."

இன்றைக்கே கழற்றுங்கள். ரிம்மின் முகம் முழுதும் ஹப்பில் அமர்ந்து உராய்வால்தான் பாரம் கடக்கிறது. வாஷர் வைத்தால் ஐந்து சின்ன வட்டங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு, ஸ்டட்டுகள் வளைவைச் சுமக்கின்றன. இரும்பு வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் இதே சாதிதான்.

"எனக்குப் பீன்யாவுல தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு. நாமளே கடைஞ்சுக்கலாமே?"

பெங்களூரில் மட்டுமே இவ்வளவு சர்வசாதாரணமாக வரும் கேள்வி. பீன்யாக்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைவிட நுணுக்கமானதையெல்லாம் தினமும் கடைகிறார்கள். கோளாறு நாம் கொடுக்கும் வேலையில் இருக்கிறது. "பத்து எம்எம் தட்டு ஒண்ணு, அஞ்சு ஓட்டை" என்று வாயால் சொன்னால், மூலையில் கிடக்கும் ஏதோ ஒரு அலுமினியத் துண்டில் வாயால் சொன்னது மாதிரியே வரும்.

ஸ்லிப்-ஆன் மட்டும் என்றால் செய்யலாம், வரைபடத்தோடு போனால். பொருள் 6061-டி6 என்ற அலுமினியக் கலவை, மெட்டீரியல் சர்டிபிகேட்டோடு. வார்த்த அலுமினியம் கூடாது. இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும். டயல் கேஜில் வித்தியாசம் 0.05 மி.மீ.க்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன். முகம் சாய்ந்தால் சக்கரமும் சாய்ந்தே சுற்றும். ஹப்பின் உதடு தொடங்கும் அடிவாரத்தில் சின்ன வளைவு இருக்கும். அதற்கு இடம் விட்டுத் தட்டின் உள்விளிம்பைச் சரித்துக் கடையச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் தட்டு முழுதாக உட்காரவே உட்காராது, கண்ணுக்கும் தெரியாது.

போல்ட்-ஆன் வகையை லேத்தில் செய்யாதீர்கள். அதில் ஸ்டட்டுகள் 10.9 தர இரும்பாக, பல் வைத்துப் பிரஸ்ஸில் ஏற்றியதாக இருக்க வேண்டும். வெல்டு வைத்த ஸ்டட், சுத்தியலால் அடித்து ஏற்றிய ஸ்டட் எல்லாம் வீட்டு வாசலில் வேலை செய்யும், கிருஷ்ணகிரி ரோட்டில் செய்யாது.

"4 ஓட்டை வண்டிக்கு 5 ஓட்டை அலாய் சும்மா கிடைச்சுது மச்சி. அடாப்டர் போட்டா மாட்டிடலாமா?"

பி.சி.டி. மாற்றும் அடாப்டர் என்பது போல்ட்-ஆன் ஸ்பேசரின் இன்னொரு முகம். இரண்டு வரிசை ஓட்டைக்கும் இடம் வேண்டுமே, அதனால் பெரும்பாலும் 20 மி.மீ.க்குக் குறைந்து வராது. மேலே சொன்ன கூட்டல் கணக்கைப் போடுங்கள். சும்மா கிடைத்த ரிம் மட்கார்டுக்கு வெளியே போய் நிற்கும்.

அடாப்டரே இல்லாமல் 5×112 ரிம்மை 5×114.3 ஹப்பில் "ரெண்டு எம்எம் தானே" என்று இறுக்கி மாட்டுவதும் நடக்கிறது. 4×98-ஐ 4×100-இல் போடுவதும் அப்படியே. நட் எல்லாம் கோணலாக உட்கார்ந்திருக்கும். செய்யாதீர்கள்.

"பின்னாடி மட்டும் போடலாமா?"

போடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே ஆக்சிலில் இடது வலது சமமாக இருக்க வேண்டும்.

"வீல் பேரிங் போயிடும்னு பயமுறுத்தறாங்களே, நெஜமா?"

பாதி நிஜம். சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கில் முறுக்கும் பாரம் கூடும். ஆனால் பேரிங்குக்குத் தட்டு இருப்பது தெரியாது: இ.டி. 45-இல் 10 மி.மீ. ஸ்பேசர் தருவதும், தட்டே இல்லாத இ.டி. 35 ரிம் தருவதும் ஒரே பாரம்தான். ஸ்பேசரைத் திட்டிவிட்டு இ.டி. 35 ரிம்மைப் பெருமையாக மாட்டுபவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. 10, 12 மி.மீ.க்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 25, 30-க்குப் பயப்படுங்கள். நம் ஊர்ப் பள்ளத்தில் மெல்லிய டயரோடு இறங்கினால் ஸ்பேசரே இல்லாவிட்டாலும் பேரிங் சீக்கிரம் ஊளையிடும்.

ஸ்டியரிங் விஷயம்தான் முன்னதாகத் தெரியும். முன்சக்கரம் வெளியே வந்தால், திருப்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். பள்ளத்தில் ஒரு சக்கரம் விழும்போது ஸ்டியரிங் கையிலிருந்து வெடுக்கென்று இழுக்கும். ஸ்பிரிங்கும் கொஞ்சம் இளகியதுபோல் தோன்றும், காரணம் அதே நெம்புகோல் கணக்கு.

"ஃபார்ச்சூனர், ஜிம்னிக்கெல்லாம் 30 போடறாங்களே?"

லேடர் ஃபிரேம் வண்டி, பெரிய ஹப், ஆறு ஸ்டட் என்பதால் தாங்கும் சக்தி கூட. ஜிம்னிக்கு ஐந்து ஸ்டட்தான் என்பதையும் கவனியுங்கள். அகலமான டயர் ஃபிரேமில் இடிக்காமல் இருக்க அவர்களுக்குத் தேவையும் உண்டு. அதைப் பார்த்து ஐ20-இல் 30 போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஜீப் கூட்டத்திலும் கல்லில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் நட்டைச் சரிபார்க்கிறவர்கள்தான் போடுகிறார்கள்.

"மாட்டும்போது என்ன கவனிக்கணும்? ஏர் கன்ல இறுக்கினா போதாதா?"

போதாது. ஹப் முகத்தில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். கூடவே நில்லுங்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். ஸ்டட்டில் கிரீஸ், எண்ணெய் தடவக் கூடாது. மரை வழுக்கினால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகும். நட்சத்திர வரிசையில் கையால் திருகி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். எம்12-க்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் ஒட்டி, ஃபோக்ஸ்வாகன் எம்14-க்கு 120; வண்டிப் புத்தகத்தில் உள்ளதே இறுதி.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்கவும். போல்ட்-ஆன் என்றால் இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்: தட்டை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றித்தான் அவற்றைப் பார்க்க முடியும். ஒவ்வொரு டயர் ரொட்டேஷனிலும் இதைச் செய்யுங்கள்.

"ஹோசூர் தாண்டி 90 தொட்டா ஸ்டியரிங் ஆடுது. பாலன்சிங் மூணு தடவை பண்ணியாச்சு."

பாலன்சிங் மெஷினில் ஸ்பேசர் இல்லை, வண்டியில் இருக்கிறது. ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அதே ரோட்டில் ஒரு தடவை ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் ரிம்மைக் குறை சொல்லி லாபமில்லை: உதடு இல்லாத தட்டு, தவறான ஹப் ரிங், அடியில் துரு, அல்லது சாய்ந்த முகம், இந்த நான்கில் ஒன்று. நிற்கவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

"சிவாஜிநகர் குஜிரியில பிராண்டட் ஸ்பேசர் பாதி விலைக்கு இருக்கு, எடுக்கலாமா?"

தட்டில் ஸ்டட் ஓட்டையைச் சுற்றி முடி போன்ற வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எங்கே, எவ்வளவு இறுக்கப்பட்டது என்றும் தெரியாது. பழைய பாகம் விற்கும் குஜிரியில் கண்ணாடி வாங்கலாம், மூடி வாங்கலாம். இதை வாங்க வேண்டாம்.

"போலீஸ் புடிப்பாங்களா? என்து டி.என். நம்பர் வேற."

சட்டம் மத்தியச் சட்டம், கே.ஏ.வோ டி.என்.னோ ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. சட்டம் 'மாற்றம்' என்பதை வண்டியின் கட்டமைப்பில், அடிப்படைத் தன்மையில் வரும் மாற்றம் என்று விளக்குகிறது. மட்கார்டுக்குள் அடங்கிய 10 மி.மீ. தட்டு அதில் வருமா என்று வாதாடலாம். வெளியே துருத்தி நிற்கும் டயரை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று வாதாட முடியாது.

போலீஸைவிட இன்சூரன்ஸ்தான் முக்கியம். அலாயையும் ஸ்பேசரையும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் சக்கரத்தைக் கழற்றும்போது முதன்முதலாகத் தெரியவந்தால் கிளெய்ம் இழுபறியாகும்.

"ஸ்டெப்னிக்கும் ஸ்பேசருக்கும் சம்பந்தம் இருக்கா?"

நிறைய இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. பாதி வண்டிகளில் ஸ்டெப்னி இரும்பு ரிம். அலாயின் பின்பக்கம் குழிகள் இருப்பதால், 15 மி.மீ. போல்ட்-ஆன் தட்டைத் தாண்டி நீட்டும் பழைய ஸ்டட் முனைகள் அதில் ஒளிந்துகொள்ளும். இரும்பு ரிம் தட்டை, குழி கிடையாது. முனைகள் இடித்து ரிம் உட்காராது. தட்டைக் கழற்றித்தான் மாட்ட வேண்டியிருக்கும், அதுவும் வாணியம்பாடி பக்கம் இருட்டில்.

போலோ மாதிரி போல்ட் வண்டியில் இதற்கு நேர்மாறு. ஸ்பேசரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை நீளமான போல்ட்டால் இறுக்கினால் போல்ட் உள்ளே போய்ப் பின்னால் இருக்கும் பாகத்தில் குத்தும். அதனால் ஒரிஜினல் போல்ட் ஒரு செட், இரும்பு ரிம்முக்குப் பொருந்தும் நட் ஒரு செட், எது உங்கள் வண்டிக்கோ அதை ஸ்டெப்னிக் குழியிலேயே துணியில் சுற்றிப் போட்டுவையுங்கள். ஸ்பேசர் மாட்டிய அன்றே வீட்டு வாசலில் நான்கு மூலையிலும் ஸ்டெப்னியை ஒருதடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஜாக்கி எங்கே இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.